பத்து நிமிடப் பகிடி

(ரொறொன்ரோ, ரெக்ஸ்டேலில் நிகழ்த்தப்பட்டு நேரலையில் ஒளிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய பேச்சு பழைய மேடைகளின் பகிடி ஆட்டக்காரரைப் பற்றியது. அறிவிப்பைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "இலக்கியக் கூட்டத்திலே பபூனுக்கு என்ன வேலை?" நியாயமான கேள்வி. நாடகம் பற்றிப் பேசினால் நாங்கள் பாட்டெழுதியவரைப் பேசுவோம், ராஜபார்ட்டைப் பேசுவோம், குரல் வளத்தைப் பேசுவோம். பபூனுக்கு, நேரம் மிஞ்சினால், கடைசியில் இரண்டு வசனம். ஆனால் விடிய விடிய நாடகம் பார்த்த ஒருவரிடம் போய், என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். பாட்டின் முதலடி வரும். இரண்டாமடியில் தடுமாறுவார். பபூன் எப்படி நடந்து வந்தான் என்று கேட்டால் எழுந்து நடந்தே காட்டுவார். அது மட்டும் ஏன் உடம்பிலேயே தங்கிவிடுகிறது?

இந்த நகரத்திலிருந்தே தொடங்குகிறேன். யங் வீதியில், குயின் வீதிச் சந்திக்குச் சற்று வடக்கே, ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை அரங்கம் இருக்கிறது. கீழே எல்ஜின், மேலே வின்டர் கார்டன். கீழ் அரங்கு 1913இல் திறந்தது, மேல் அரங்கு அடுத்த வருடம் 1914இல். இரண்டும் வோடவில் என்ற கதம்ப நிகழ்ச்சிக்காகக் கட்டப்பட்டவை. இங்கிலாந்தில் அதே வகைக்கு மியூசிக் ஹால் என்று பெயர். ஒரு பாட்டுக்காரி, ஒரு வித்தைக்காரன், நாய்களைப் பழக்கியவன், பகிடியாக ஆடும் இரண்டு பேர் என்று ஒவ்வொருவருக்கும் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் சனத்தைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அடுத்த ஊரில் வேலை இல்லை.

1928இல் வின்டர் கார்டனைப் பூட்டிவிட்டார்கள். பேசும் படம் வந்துகொண்டிருந்த காலம். ஏறத்தாழ அறுபது வருடம் பூட்டியே கிடந்தது. பிறகு அதைப் புதுப்பித்து 1989இல் மீண்டும் திறந்தார்கள். அந்த அறுபது வருட இருட்டுக்குள் வோடவில் காலத்துக் காட்சித் திரைகள் பெருந்தொகையாக அப்படியே இருந்தன. கூரையில் தொங்கவிட்ட உண்மையான பீச் மர இலைகள்கூட இருந்தன. திரை இருந்தது, இலை இருந்தது. அந்தத் திரைகளுக்கு முன்னால் ஆடியவர்களின் ஆட்டம் மட்டும் இல்லை. அதைச் சுருட்டி வைக்க முடியாது. ஆடியவரோடு போய்விடும்.

தப்பிப் பிழைத்த ஆட்டங்கள் சில உண்டு. வில்சன், கெப்பல், பெற்றி என்று மூன்று பேர். வில்சன் லிவர்பூல்காரர், கெப்பல் அயர்லாந்தின் கோர்க் நகரத்தவர், பெற்றி நொக்ஸ் அமெரிக்கப் பெண். 1922இல் எகிப்தில் துட்டன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, எகிப்து என்றாலே ஐரோப்பாவுக்குப் பித்துப் பிடித்திருந்தது. இவர்கள் அந்தப் பித்தைப் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் ஒரு பலகை. அதன்மேல் மணலைத் தூவுவார்கள். நீளச் சட்டையும் எகிப்தியத் தொப்பியும் ஒட்டு மீசையுமாக, ஈர்க்குக் கால்களோடு இரண்டு ஆண்கள் அந்த மணலைச் சரக் சரக் என்று தேய்த்து ஆடுவார்கள். கல்லறைச் சுவரில் இருக்கும் சித்திரம்போலப் பக்கவாட்டாகவே நிற்பார்கள், பக்கவாட்டாகவே போவார்கள். முகத்தில் ஈயாடாது. இதுதான் முழு ஆட்டமும். 1932இல் லண்டனுக்கு வந்தார்கள். 1960களின் தொடக்கம்வரை கிட்டத்தட்ட இதையே ஆடினார்கள். படச்சுருளில் பதிவானதால் இன்றைக்கும் பார்க்கலாம். இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

பெற்றி நொக்ஸ் 1941இல் ஆட்டத்தை விட்டுவிட்டு லண்டன் பத்திரிகையொன்றில் செய்தியாளரானார். போர்முனைக்குப் போனார், நியூரம்பேர்க் விசாரணைகளைப் பற்றி எழுதினார். மேடையில் அவருடைய இடத்துக்கு அவருடைய மகள் வந்தார். பகிடி ஆட்டக்காரி என்றால் மூளை இல்லாதவள் என்று நினைப்பவர்களுக்கு இந்த வாழ்க்கை ஒன்றே போதும்.

இனி எங்கள் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று இன்றும் நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்த இசை நாடகம். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்போது முடியும். அதில் முதல் இரண்டு மணித்தியாலம் யாருக்கு? முருகனுக்கும் இல்லை, வள்ளிக்கும் இல்லை. பபூனுக்கும் டான்ஸுக்கும். அங்கே 'டான்ஸ்' என்பது ஆடும் பெண்ணின் பாத்திரப் பெயர். பபூன் தனியாக வந்து பாடிப் பேசிச் சிரிக்க வைப்பான். பிறகு அவள் துள்ளி வருவாள். இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள். யார் யாரை இடித்தது என்று வழக்கு. வழக்கு போட்டியாகும், போட்டி பாட்டாகும், பாட்டு ஆட்டமாகும்.

அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் இந்த நடிகர்களோடு பயணம் செய்து 2005இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தமிழ் மேடையின் களங்கங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். களங்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊர் இவர்களைப் பார்த்துச் சிரித்தது, காசு கொடுத்தது, ஆனால் வீட்டுக்குள் எடுக்கவில்லை. அதிலும் நடிகையின் நிலை மோசம். நாடகத்துக்குப் போகிற வழியில் தான் யாரென்று தெரியாமல் போவதற்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பதை சைசர் விரிவாக எழுதியிருக்கிறார்.

சுவாமிகளின் பாட்டு அச்சாகி எங்களிடம் இருக்கிறது. பபூனின் பகுதி பெரும்பாலும் அச்சில் இல்லை. அது அந்த இரவு, அந்த ஊர், அந்தச் சனம் பார்த்துப் பிறப்பது. இலக்கிய வரலாறு அச்சைத்தானே பார்க்கும்? எழுத்தில் இல்லாதவன் வரலாற்றிலும் இல்லை. நண்பரின் கேள்விக்கு என் முதற்பதில் இதுதான். இலக்கியக் கூட்டத்தில் பபூனுக்கு வேலை இருக்கிறது. எங்கள் இலக்கியம் எழுதாமல் விட்ட பக்கம் அவன்.

சினிமா வந்தபோது மேற்கில் வோடவில் செத்தது. எங்களிடம் நடந்தது வேறு. பபூன் தன் பத்து நிமிடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சினிமாவுக்குள் குடிபுகுந்தான். என்.எஸ். கிருஷ்ணன் 1908இல் நாகர்கோவிலில் பிறந்தவர். வில்லுப்பாட்டு, பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பனி, பிறகு 1936இல் 'சதிலீலாவதி'. அவரும் டி.ஏ. மதுரமும் தங்கள் நகைச்சுவைப் பகுதியைத் தாங்களே தனியாக அமைத்துப் படத்துக்குள் சேர்ப்பார்கள். கதாநாயகன் ஒரு பக்கம் அழுதுகொண்டிருப்பான், இவர்கள் இன்னொரு பக்கம் பாடி ஆடிச் சண்டை பிடித்துச் சமாதானமாவார்கள். இரண்டுக்கும் பெரிய தொடர்பு இருக்காது. விமர்சகர்கள் இதைக் குறை என்றார்கள். எனக்கு அது வேறாகத் தெரிகிறது. முதல் இரண்டு மணித்தியாலம் பபூனுக்கு என்ற நாடகத்தின் பழைய ஒப்பந்தம் அது. சினிமா அதைத் துண்டு துண்டாக வெட்டி இடையிடையே வைத்துக்கொண்டது. தமிழ்ப் படங்களில் கதைக்குச் சம்பந்தமில்லாத நகைச்சுவைத் தடம் அவ்வளவு காலம் நிலைத்ததற்கு வேர் அங்கே இருக்கிறது.

1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் 'கிந்தனார்' கதையை நடத்துவார். நந்தனார் சிதம்பரம் போக ஆசைப்பட்டார், கிந்தனார் படிக்க ஆசைப்பட்டார். அதே காலட்சேப முறை, அதே குழைவு, அதே பக்திபாவம். பொருள் மட்டும் பள்ளிக்கூடம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி ஏறிவிடும்.

அடுத்து சந்திரபாபு. தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து படித்தவர். ஆகவே அவரில் எங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கத்திய ஆட்டத்தையும், மலைநாட்டார் தொண்டையை உடைத்துப் பாடும் யோடலிங்கையும் தமிழுக்குள் கொண்டுவந்தார். அவர் தடுமாறி விழப்போகும் இடங்களை நன்றாகப் பாருங்கள். கால் வழுக்கும், இடுப்பு ஒரு பக்கம் போகும், கை காற்றைப் பிடிக்கும், சரியாகச் சமத்தில் வந்து நிற்பார். தாளம் தப்புவதுபோல ஆடுவதற்குத் தாளம் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். சுமாராகத் தெரிந்தவன் தப்பினால் அது பிழை. முழுதாகத் தெரிந்தவன் தப்பினால் அது பகிடி. சனத்துக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் இந்த வித்தியாசம் தெரியும்.

இவை ஏன் நீடிக்கின்றன என்பதற்கு எனக்குத் தோன்றும் முதற்காரணம் இதுதான். பகிடி ஆட்டத்தின் அடியில் ஒளித்துவைத்த தேர்ச்சி இருக்கிறது. பார்ப்பவன் சிரிக்கிறான், உள்ளுக்குள் வியக்கிறான்.

இரண்டாவது, ஆடுபவரின் முகம் சிரிப்பதில்லை. வில்சனும் கெப்பலும் மணலைத் தேய்க்கும்போது ஏதோ பெரிய சடங்கு செய்பவர்கள்போல இருப்பார்கள். தன் காரியத்தில் அவ்வளவு சிரத்தையாக இருக்கும் மனிதனும், அதற்கு ஒத்துழைக்காத அவனுடைய உடம்பும். இது எங்கள் எல்லோருடைய கதையும்தான். பனிக்காலத்தில் இங்கே வீட்டு வாசலில் சறுக்கிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்து, நிமிர்ந்து நடக்கிறோமே, அந்த நிமிர்வு.

மூன்றாவது, தெரிந்ததற்காகக் காத்திருக்கும் சுகம். நடிகமணி வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தை யாழ்ப்பாணத்துச் சனம் திரும்பத் திரும்பப் பார்த்தது. கதை தெரியாமலா? சுடலைக்கு எப்போது வருவார், எந்த இடத்தில் குரலை உயர்த்துவார் என்று எல்லாம் தெரிந்தவர்கள்தான் பாயோடு போய் முன்னால் இடம் பிடித்தார்கள். பகிடிக்கும் அதே விதி. ஒருமுறை சிரித்த இடத்தில் மறுமுறையும் சிரிக்கலாம் என்ற நம்பிக்கையை அது தருகிறது. இடம் மாறி, நாடு மாறி, வீட்டிலக்கம் பத்துத் தரம் மாறியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கே.எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்'றை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆள். பஸ் இல்லை, இருக்கை இல்லை. கொண்டக்டரும் அவர்தான், நெருக்குப்படும் பயணிகளும் அவர்தான். உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் பஸ் திரும்பும், நிமிர்ந்தால் நிற்கும். அதை ஆட்டம் என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு அது ஆட்டம்தான். அவர் புலம்பெயர்ந்து இந்த நகரத்துக்கே வந்தார், 2014இல் இங்கேதான் காலமானார். அந்தப் பஸ் ஓடிய ஊரும் வீதியும் சிதைந்த பிறகும், ஒரு மனிதனின் இடுப்பிலும் குரலிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நிகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு எங்கள் சனம் சலிக்காததன் காரணம் வெறும் சிரிப்பு என்று நான் நம்பவில்லை. அந்தப் பஸ்ஸில் திரும்பவும் ஏறிக்கொண்டார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இனிக்காத பகுதியையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்ற மாரியில் ரெக்ஸ்டேலில் ஒரு முதியோர் ஒன்றுகூடலுக்குப் போயிருந்தேன். பழைய நாடகப் பேச்சு வந்தது. எண்பது தாண்டிய ஒருவர், அதிகம் பேசாதவர், எழும்பி நின்றார். மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பபூனின் நடையை மூன்றடி நடந்தார். முழங்கால் நோவோடு மூன்றடிதான். அவரைக் கூட்டிவந்த பேரப்பிள்ளைக்குத் தமிழ் அவ்வளவு வராது. அந்தப் பிள்ளைதான் எல்லோருக்கும் முதல் சிரித்தது. நான் பூரித்துப் போனேன். அப்போது பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சிரிக்காமல் சொன்னார்: "அந்தப் பகிடியில எப்பவும் அடி வாங்கினது பொம்பிளை வேஷம்தான், பிள்ளை. வேஷம் போட்டதும் ஆம்பிளை, அடிச்சதும் ஆம்பிளை, இருந்து சிரிச்சதும் ஆம்பிளை. எங்களை அங்க விட்டவையே?"

அந்த வசனத்தை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பகிடிக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. கேள்வி, அதை யார் கொடுத்தது என்பது. ஸ்பெஷல் நாடகத்தில் டான்ஸ் ஆடிய பெண் கொடுத்தாள். எகிப்திய மணலாட்டத்தில், இரண்டு வெள்ளையர் உடுத்திக் காட்டிய எகிப்தியன் கொடுத்தான். தமிழ்நாட்டில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் திருவிழா மேடைகளில் ஆபாசமாக ஆடப்பட்டதற்குக் குறவர் சமூகம் கொடுத்தது. தங்கள் பெயரைச் சொல்லித் தங்களை இழிவுபடுத்துகிறார்கள் என்று அவர்கள் நெடுங்காலம் முறையிட்டார்கள். 2023இல் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது. கலை அழிகிறதே என்று அங்கலாய்த்தவர்களும் உண்டு. ஒரு சனத்தின் பெயரை வைத்து அவர்கள் முகம் சுருங்கச் சிரிப்பதைக் கலை என்று காப்பாற்ற வேண்டிய கட்டாயம் எனக்குத் தெரியவில்லை. ஆட்டக்காரருக்கு வேறு ஆட்டம் உண்டு.

அப்படியானால் பழையதெல்லாவற்றையும் தூக்கி எறிவதா? அதற்கும் எனக்கு மனமில்லை. ஒரு வழியை 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' காட்டியது என்று நினைக்கிறேன். அதில் மனோரமாவின் ஜில்ஜில் ரமாமணி. நாடக மேடையில் ஆடிப் பாடிப் பிழைக்கும் பெண், படித்தவர் கண்ணில் மலிவான ஆட்டக்காரி. படத்தை எடுத்த ஏ.பி. நாகராஜனும் நாடகத்திலிருந்து வந்தவர், மனோரமாவும் நாடகத்திலிருந்து வந்தவர். இருவருக்கும் அந்தப் பெண்ணைத் தெரியும். அவளைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஆனால் படம் முடியும்போது, மனத்தில் கள்ளமில்லாத ஆள் யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வோம். சிரிப்பு அவளைக் குறைக்கவில்லை, எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார்த்தியது. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில் ஆகாது. ஆனால் பகிடியின் விலையை இன்னொருவர் தலையில் கட்டாமல் தானே கொடுக்கிற ஆட்டக்காரர்தான் காலம் கடந்து நிற்கிறார் என்பதற்கு அது சாட்சி. சந்திரபாபு விழுந்தபோது தன் உடம்பைத்தான் விழுத்தினார். பாலச்சந்திரன் பஸ் முழுவதையும் தன் முதுகில்தான் ஏற்றினார்.

எங்கள் நகரத்தில் அரங்கேற்றங்களுக்குக் குறைவில்லை. பெரிய மண்டபம், பட்டுப் புடவை, மிருதங்கம், பிரதம விருந்தினர். நல்லது, நடக்கட்டும். பெட்டி கட்டிக்கொண்டு வந்தபோது கம்பீரத்தையும் கண்ணீரையும் கவனமாக மடித்துக்கொண்டு வந்தோம். பகிடியை யாரும் பெட்டியில் வைக்கவில்லை. அது சிலருடைய கால்களில் தானாக ஏறி வந்தது. அந்தக் கால்களுக்கு இப்போது எண்பது வயது, எண்பத்தைந்து வயது. வின்டர் கார்டனைப்போல அறுபது வருடம் பூட்டி வைத்துவிட்டுத் திறந்து பார்க்கக் கூடிய சாமான் இல்லை இது.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், ஊரில் நாடகம் பார்த்த, கூத்தாடிய யாராவது இருந்தால் இந்த வாரமே போய் இருங்கள். கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள், அது சுருங்கிப் போயிருக்கும். பபூன் எப்படி வருவான் என்று கேளுங்கள். யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்றும் கேளுங்கள். அங்கே போகவே விடப்படாத அம்மாமாரிடம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று என்ன கேட்டது என்று கேளுங்கள். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள்.

பதியும்போது ஒன்றே ஒன்று. நாங்கள் எல்லோரும் முகத்தை மட்டும் பிடிக்கிறோம். தயவுசெய்து இரண்டடி பின்னால் போய், கால்களையும் சேர்த்துப் பிடியுங்கள்.